கிளினிக்காரி கேட்பாள்

நேற்று உன் அலுவலகத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்ததும் சுக்கு வாசனை. உங்கள் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இன்னமும் சுக்கு மூட்டைதான் அடுக்குகிறார்கள் போலிருக்கிறது. மாடியில் இருக்கிற காகிதமெல்லாம் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுவிடும், உன் கைப்பையும்தான். உன் மேசை இழுப்பறையைக் காலி செய்தவர்கள், இதெல்லாம் எனக்குத்தான் சேரவேண்டும் என்று முடிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ஸ்பூன், ஒரு பக்கக் காது உடைந்த மூக்குக் கண்ணாடி, தீர்ந்துபோன பேனாக்கள், புடவைப் பெட்டியிலிருந்து நீ வெட்டிய அந்த அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டிய உறை ஒன்று. அதன்மேல் உன் கையெழுத்து, தமிழில்.

உறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் உன்னிடம் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. நடுவில் ஆரம்பித்தால் "யாரு, எப்போ, எதுக்கு" என்று குறுக்கே விழுவாயே.

தப்பு என்னுடையது. அதை நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். கொச்சி மட்டாஞ்சேரி டிரஸ்ட் கிளினிக்கில் காசநோய்க்காரர்களின் பதிவேடு என் பொறுப்பு. அவர்களுக்குச் சத்துமாவும் பயறும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் சங்கத்தின் வேலை. எந்தத் தெருவுக்கு எத்தனை பொட்டலம், நீ கேட்டது அவ்வளவுதான். ஆனால் நான் தாராள மனசுக்காரி. ஆளுக்கு ஒரு வரியாக முழுப் பட்டியலையும் அடித்து, பெயரையும் போன் நம்பரையும் மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன். தெரு, வயது, வேலை, சொந்த ஊர் எல்லாம் அப்படியே இருந்தன. பெயரில்லாத பட்டியலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு ஒரே பெருமை.

நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் குடும்பத்தில் பிறந்தவள் செய்கிற காரியமா அது? இங்கே யாரை யார் பெயர் சொல்லி அறிந்திருக்கிறோம்? பப்படக்காரர் வீடு, கோடவுனுக்கு எதிர் வீடு, கப்பலில் போனவரின் வீடு. எங்கள் எதிர்வீட்டுச் சேச்சியின் உண்மைப் பெயரை அவளுடைய ரேஷன் அட்டையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட ஊரில், பெயரை அழித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் விட்டு வைத்தேன்.

பொட்டலம் கொண்டுபோகிறவர்களின் வாட்ஸ்ஆப் குழுவுக்கே அந்தப் பட்டியலை அப்படியே அனுப்பிவிட்டேன். அதில் ஒரு வரி: நாற்பது வயது, ஓட்டலில் மாவு அரைப்பவர், ஊர் தேனிப் பக்கம். அந்தத் தெருவில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம், நாம் அப்படித்தானே சொல்லிவந்தோம். இரண்டே நாளில் ஓட்டல்காரர் காதுக்குப் போய்விட்டது. இனி வரவேண்டாம் என்றார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்று மாதமாகியிருந்தது, அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டரே எழுதிக்கொடுத்திருந்தார். அதைப் படிக்கும் பொறுமை ஓட்டல்காரருக்கு இல்லை.

செல்வி கிளினிக்குக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். மேசைக்கு எதிரில் நின்று, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, என் பேரை எழுதலைன்னு சொன்னீங்களே?"

"எழுதலை செல்வி. சத்தியமா எழுதலை."

அது உண்மை. அதைவிடக் கேவலமான உண்மையை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் மாத்திரைக்கு வரவில்லை. அவள் இருந்த அறையில் வேறு யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். போன் அணைந்து கிடந்தது. பாதியில் மாத்திரையை நிறுத்தினால் நோய் எப்படித் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தூக்கம் போயிற்று.

இனி ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போகக்கூடாது என்றார் டாக்டர். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மற்ற கிளினிக்குகளும் விஷயத்தைக் கேள்விப்பட்டு அப்படியே செய்தன. யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று ஆயிற்று. அப்போதுதான் நீ திருப்பூணித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி, நனைந்த குடையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாய்.

"எடீ, பூட்டுப் போட்டாச்சு. நல்லது. செல்வி இப்போ எந்த வாசல்ல நிக்கறான்னு உன் பூட்டு சொல்லுமா?"

"மறுபடி பட்டியல் கேட்டு வந்தியா? உனக்கு வெக்கமே இல்லையா?"

"பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. இந்த ஊர்ல இருக்கற ஏதாவது ஒரு கிளினிக்ல அவ மருந்து வாங்கறாளா? அதுக்குப் பதில் சொல்ல முழுப் பதிவேடு எதுக்கு?"

நான் இரண்டு கையாலும் பதிவேட்டைப் பொத்திக்கொண்டேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். அலமாரி மேலிருந்த காலிப் புடவைப் பெட்டியை எடுத்தாய், என் கத்தரிக்கோலால் மூடியில் ஒரு வரி அகலத்துக்கு நீளமாகத் துளை வெட்டினாய். "கையை எடு, இதை வை" என்றாய். பதிவேட்டின் மேல் வைத்தால் ஒரே ஒரு வரி தெரிந்தது. இன்னொரு சின்ன அட்டையை அதன்மேல் நகர்த்தி, அந்த வரியிலும் ஒரு கட்டத்தை மட்டும் திறந்து காட்டினாய். பதிவேடு அதன் சொந்தக்காரரின் மேசையைவிட்டு நகராது. அட்டையை நகர்த்துவதும் அவர்தான். கேட்பவர் கேள்வியோடு வருவார், பதிலோடு போவார்.

அட்டை வெட்டப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதை எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ள வைக்கத்தான் மாதக்கணக்காயிற்று. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒவ்வொரு படிவம், ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் சாயா ஆறிவிடும். யாரும் படிக்கவில்லை, ஆகவே யாரும் கையெழுத்துப் போடவில்லை. நீ எல்லாவற்றையும் ஒரே பக்கமாக்கினாய். யார் கேட்கிறார், எதற்கு, எந்தக் கட்டம் மட்டும் தெரியவேண்டும், எந்த நாளில் அழிக்கவேண்டும். அழிக்கும்போது இரண்டு பேர் கையெழுத்து. மலையாளத்தில் ஒரு பக்கம், பின்பக்கம் தமிழில். நான்கூட, இவ்வளவு லேசாக இருந்தால் யார் மதிப்பார்கள் என்று கேட்டேன்.

"சரியான வழி லேசா இல்லேன்னா, ஆளுங்க லேசான வழிக்குப் போயிடுவாங்க. நீ அனுப்பின மாதிரி வாட்ஸ்ஆப்புக்கு." என்னைக் குத்தியது அந்த ஒரு தடவைதான், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நீ மட்டும் தனியாகக் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினாய். ஒரு புதன்கிழமை என் எதிரில் வந்து உட்கார்ந்து, சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாய். "கிடைச்சுது. மருந்து எடுக்கறா. நடுவுல பதினோரு நாள்தான் விட்டிருக்கு. மதி, அது போதும்."

நான் அழுதுவிட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்கே என்று கேட்டேன்.

"மருந்து எடுக்கறாளான்னு கேட்டே. எடுக்கறா."

"எங்கேன்னு சொல்லுடீ. நான் போய் அவ கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்."

நீ டம்ளரை மேசையில் வைத்தாய். "அது உனக்கு வேணும். அவளுக்கு வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா."

எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அவள்மேல் இல்லை, உன்மேல். தெரிந்ததை வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறாய் என்று கத்தினேன். இரண்டு வாரம் உன் போனை எடுக்கவில்லை. பிறகு நானே வந்தேன், வராமல் எங்கே போவேன்? ஆனால் அதற்குப் பிறகு நீ இடப்பள்ளி என்று சொன்னாலும், இடக்கொச்சி என்று சொன்னாலும் உன் முகத்தையே பார்ப்பேன். உனக்கு அது தெரியும். வேண்டுமென்றே ஊர்ப்பெயராக அடுக்குவாய், பாவி.

கடைசியாக உன்னை வீட்டில் வந்து பார்த்தபோது உன் கை குச்சியாகிவிட்டிருந்தது. ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, "இன்னும் கேக்கணும்னு இருக்கா?" என்றாய். இல்லை என்றேன். பொய். உன்னிடம் நான் சொன்ன கடைசிச் சொல் ஒரு பொய் என்பது இன்றும் உறுத்துகிறது.

இப்போது அட்டை 'ஜன்னல்' என்ற பெயரில் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஒவ்வொரு கிளினிக்கின் விவரமும் அந்தந்த இடத்திலேயே இருக்கும், கேட்ட கட்டம் மட்டும் திறக்கும், நாள் முடிந்தால் தானே மூடிக்கொள்ளும். கேள்வியும் பதிலுமாகக் கூடும் நம் புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போன வாரம் ஒன்பது அமைப்புகள் வந்தன. பூட்டிவைத்திருந்தவர்கள் எல்லோரும் வருகிறார்கள், வந்து உன் ஒற்றைப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்கு ஏன் ஜன்னல் என்று பெயர் என்று புதியவர்கள் கேட்டால், புடவைப் பெட்டிக் கதையைச் சொல்கிறேன். செல்வியைப் பற்றி எங்கும் சொல்வதில்லை.

இனி உறை.

அதன்மேல் நீ எழுதியிருந்தாய்: "செல்வி இருக்குமிடம். மருந்து மறுபடி நின்றால் மட்டும் திறக்கவும். சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில் அழிக்கவும். கிளினிக்காரி கேட்பாள், கொடுக்க வேண்டாம்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உங்கள் அலுவலகத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் ரகசியத்தையெல்லாம் தமிழில் எழுதி வைப்பாய். "இதுக்கு மேல பூட்டு எதுக்கு?" என்று பீற்றிக்கொள்வாய். பார்த்தாயா, உன் பூட்டு என்ன செய்தது என்று. அவர்களுக்குப் படிக்கத் தெரியாததால், தமிழில் எழுதியதெல்லாம் தமிழ்ச் சேச்சிக்கு என்று கட்டி, யாருக்குக் கொடுக்கக்கூடாதோ அவள் கையிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நான் பெயரை அழித்து ஏமாந்தேன். நீ தமிழை நம்பி ஏமாந்தாய். நமக்குள் இனி கணக்குச் சரி.

சிரித்து முடித்ததும் நாள் கணக்குப் பார்த்தேன். செல்வியின் சிகிச்சை முடிந்துவிட்டது என்று புதன்கிழமைப் பதிலில் எப்போதோ வந்துவிட்டது. நீ குறித்த ஒரு வருடமும் தாண்டிவிட்டது. நியாயமாக உடனே கிழித்திருக்க வேண்டும். நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உள்ளே காகிதம் இரண்டாக மடிந்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. மேசைமேல் வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஒட்டிய ஓரம் ஒரு மூலையில் தானே விட்டிருந்தது. சுக்குக் கோடவுனின் ஈரக்காற்று செய்த வேலை. நகத்தால் தொட்டால் போதும், திறந்துவிடும்.

அவள் இப்போது எங்கேயோ ஒரு சமையல்கட்டில் நிற்கிறாள். நான் வாசலில் போய் நின்றால், அவள் முதலில் பார்ப்பது என் முகத்தையா, அந்தப் பட்டியலையா? பக்கத்தில் நிற்பவர்கள் யார் இவர் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? கிளினிக்கிலிருந்து வந்த அக்கா என்றா?

உன் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். இன்று காலை வந்தாள். அழிக்க இரண்டு கையெழுத்து வேண்டுமே. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இதில் எந்தா எழுதியிரிக்குன்னது?" என்றாள். ஒரு சொல் விடாமல் படித்துச் சொன்னேன். கடைசி வரியில் சிரித்தாள். பிறகு கிளினிக்காரி யார் என்று புரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அனுப்பியதே அவள்தான். ஐயோ சேச்சி, ஸாரி என்று நெளிந்தாள். விடு, இப்படி ஒரு தப்பு நானும் செய்திருக்கிறேன் என்றேன்.

உறையோடு சேர்த்துச் சின்னச் சின்னதாகக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டோம். மை கரைந்து தண்ணீர் நீலமாகும்வரை இருவரும் பக்கத்திலேயே நின்றோம். கையால் பிசைந்து கூழாக்கினேன், சுக்கு வாசனை கிளம்பியது. ஒற்றைப் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள், கீழே நான் போட்டேன்.

"சேச்சிக்கு அறியணும்னு தோணலையா?" என்று கேட்டாள் அந்தப் பெண், என் தமிழும் அவள் மலையாளமுமாகக் கலந்து.

"தோணுது. இப்பவும் தோணுது" என்றேன்.

உன்னிடம் சொன்ன பொய்யை அவளிடமாவது திருத்திவிட்டேன். இனி எந்த ஓட்டலில் தோசை வந்தாலும், மாவு அரைத்த கை அவளுடையதோ என்று நினைத்துக்கொள்வேன், உள்ளே எட்டிப்பார்க்க மாட்டேன். அட்டையை என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். உறையில் நீ எழுதியது சரிதான். கிளினிக்காரி கேட்டாள். நான் கொடுக்கவில்லை.