பேனா நின்ற கேள்வி

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பாசிரியை இன்று கரும்பலகை முழுக்க எழுதிப் போட்டார். மரம் நடுதல், குளம் சுத்தம் செய்தல், ரத்த தான ஊர்வலம், நூலகத்தில் குட்டிப் பிள்ளைகளுக்குக் கதை படித்தல், வீடு வீடாகப் பழைய துணி சேகரித்தல். “பன்னிரண்டாம் வகுப்ப முடிக்கறதுக்குள்ள ஆளுக்கு ஒரு சமூக சேவை செஞ்சாகணும். எது வேணுமோ பேர் குடுங்க” என்றார். பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். குளத்தில் பாம்பு இருக்கும். ஊர்வலத்தில் கோஷம் போடச் சொல்வார்கள். குட்டிப் பிள்ளைகள் கேள்வி கேட்கும். துணி சேகரிக்கப் போனால் காலிங் பெல்லை அழுத்த வேண்டும். உள்ளே நாய் இருக்கும், நாய் இல்லாவிட்டால் மனிதர்கள் இருப்பார்கள். நான் பயந்து முடிப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: பார்வையில்லாதவர்களுக்குத் தேர்வில் ஸ்கிரைப்பாக உட்காருவது. அவர்கள் சொல்வதை நாம் எழுத வேண்டும்.

“உனக்குன்னே மிச்சம் இருக்கு பாரு. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்” என்றார் ஆசிரியை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுவதில் என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது?

ஜூலை 9

எனக்கு என் தேர்வுக்கே வயிறு கலக்கும். இனி இன்னொருவர் தேர்வுக்கும் சேர்த்துக் கலக்க வேண்டும். இது நேற்று ஏன் தோன்றவில்லை?

ஜூலை 12, சனி

நான் யாருக்காக எழுதப்போகிறேனோ அந்த அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, சன்னல் கிடையாது, ஒரு மேசை, பட்டன் பட்டனாக ஒரு பெரிய போன். ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காது எனக்கு. சனிக்கிழமை மதியம் போன் அதிகம் வராதாம். அதனால் பயிற்சி அங்கேயேதான்.

நான் கேள்வியையும் நான்கு விடைகளையும் படிக்க வேண்டும். அக்கா ஒன்று, இரண்டு என்று எண்ணைச் சொல்வார். விடைத்தாளில் அந்த எண்ணுக்கான வட்டத்தை நான் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். அவ்வளவுதான். முத்து முத்தான கையெழுத்துக்கு அங்கே வேலையே இல்லை.

“பேர் எதுக்கு, நீ என் கை. கைன்னே கூப்பிடறேன்” என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே மற்றதையும் சொன்னார். ஜனவரியிலிருந்து இந்த அறையில் ஆள் கிடையாது. மெஷின் பேசப்போகிறது. “ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு சொல்லுமாம். என்னை விட நல்ல குரலாம். சோறு வேற கேக்காது.” இது அரசு அலுவலக வேலைக்கான தேர்வு. அடுத்த வருடம் எழுத அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி.

கடைசி என்று சாதாரணமாகச் சொல்கிறார். எனக்குத்தான் உள்ளங்கை வியர்த்தது.

ஜூலை 26, சனி

இன்று ஒரு விஷயம் நடந்தது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் எது என்று படித்தேன். அக்கா வெள்ளியின் எண்ணைச் சொன்னார். நான் வட்டத்தைத் தொடுவதற்குள் “தப்பா?” என்றார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லை. சத்தியமாக வாயைத் திறக்கவில்லை.

“உன் பேனா நின்னுச்சு. சரியான விடைன்னா உடனே சரசரன்னு தேய்க்கற. தப்புன்னா ஒரு நொடி நிக்கற. எனக்குக் கேக்குது. புதன் தானே?”

ஆமாம், புதன்தான். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“கை, இதக் கேட்டுக்கோ. தேர்வுல நீ இப்படி நிறுத்தக் கூடாது. நிறுத்துனா அது நீ எனக்கு விடை சொல்லிக் குடுக்கற மாதிரி. அப்புறம், எனக்குக் கேட்டுச்சுன்னா நான் மாத்திடுவேன். தெரிஞ்சும் சும்மா இருக்கற அளவுக்கு நான் நல்லவ இல்ல.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாயை மூடிக்கொள்ளத் தெரியும். கையை எப்படி மூடுவது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அண்ணனை உட்காரவைத்துப் பயிற்சி. அவன் வேண்டுமென்றே தப்பு விடை சொல்ல வேண்டும், நான் நிறுத்தாமல் எழுத வேண்டும். அவனுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன? “பாலூட்டி எது? கொசு. எழுதுடி நடுங்கி.” எழுதினேன். “உலகத்திலேயே புத்திசாலி யாரு? உங்க அண்ணன்.” அங்கே கை நின்றுவிட்டது.

அம்மா காய் நறுக்கிக்கொண்டே, “அந்தப் பொண்ணு பொழப்பு இதுல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வெளையாடறீங்க” என்றாள். அதற்குப் பிறகு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 16

இப்போது நிற்பதில்லை. தப்போ சரியோ ஒரே வேகம். “கை தேறிடுச்சு” என்றார் அக்கா. நிஜமாகவா? மூன்று நாளாகக் கனவில் வட்டம் வட்டமாக வருகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள். நாங்கள் பேசுவது மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமாம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கண்காணிப்பாளர். சொன்னதைத் தவிர வேறெதையும் எழுத மாட்டேன், எந்த விதத்திலும் உதவ மாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மீறினால் அக்காவின் தேர்வு ரத்து. கண்காணிப்பாளர் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

முதல் பாதி நன்றாகவே போனது. அக்கா தப்பாகச் சொன்ன விடைகள் இருந்தன. நிறுத்தாமல் கறுப்பாக்கினேன். கை ஓடியது.

அப்புறம் அந்தக் கேள்வி. பித்தநீரைச் சுரக்கும் உறுப்பு எது? ஒன்று இரைப்பை, இரண்டு கல்லீரல், மூன்று கணையம், நான்கு மண்ணீரல். அக்கா “ரெண்டு” என்றார். கல்லீரல். சரி.

அதே நேரம் கண்காணிப்பாளரின் ஷூ சத்தம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. குனிந்து பார்க்கிறார். அவர் மூச்சு என் கழுத்தில் படுகிறது. ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா? பேப்பரைப் பிடுங்கப் போகிறாரா? எனக்குக் கண் இருட்டியது. பேனா நின்றுவிட்டது.

ஒரு நொடிதான். அக்காவின் தலை லேசாகச் சாய்ந்தது.

“பொறு. மூணு. மூணு போடு.”

ஐயோ அக்கா, இல்லை! அது தப்பு என்று நான் நிறுத்தவில்லை, இந்த ஆள் பின்னால் வந்து நிற்கிறார் — இதை எப்படிச் சொல்வேன்? வாயைத் திறந்தால் ரத்து. திறக்காவிட்டால் கணையம். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மூன்றைக் கறுப்பாக்கினேன்.

வெளியே வந்ததும் அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். “நல்லா எழுதியிருக்கோம்ல?” என்று கேட்டார். தலையாட்டினேன். தலையாட்டினால் அக்காவுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. “ம்” என்றேன்.

ஆகஸ்ட் 25

சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் தலைவலி என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29

ஒரே ஒரு கேள்விதானே என்று அண்ணன் சொல்கிறான். அவனிடம் மட்டும் சொன்னேன். ஒரு கேள்வியில் வேலை போகாதா? ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு கேள்வியில் போகத்தானே செய்கிறார்கள்? அது அக்காவாக இருந்தால்? ஜனவரியில் அந்த அறையைப் பூட்டிவிட்டு எங்கே போவார்?

செப்டம்பர் 6, சனி

தேர்வின் சரியான விடைகள் வெளியாகிவிட்டன. படித்துக் காட்டச் சொல்லி அக்கா கூப்பிட்டார். போகாமல் இருக்க என்னவெல்லாமோ யோசித்தேன். காய்ச்சல் வரவழைக்கக்கூடப் பார்த்தேன், வரவில்லை.

தான் சொன்ன எண் ஒவ்வொன்றும் அக்காவுக்கு நினைவிருக்கிறது. நாள் முழுக்க போன் நம்பர்களை மனதில் வைத்திருப்பவர். நான் படிக்கப் படிக்க விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். எனக்கு அடுத்த பக்கம் மட்டும்தான் கண்ணில் இருந்தது. அங்கே அந்தப் பித்தநீர்க் கேள்வி இருக்கிறது. இரண்டு என்று அச்சடித்திருக்கிறது.

மூன்று என்று படித்துவிட்டால் போதும். அறையில் வேறு யாரும் இல்லை. அக்கா இன்னொரு விரலை மடக்குவார், சந்தோஷப்படுவார், எனக்கும் தூக்கம் வரும். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

“என்ன, நின்னுட்ட?”

“ரெண்டுக்கா.”

அக்காவின் விரல் பாதியில் நின்றது.

“நான் ரெண்டுதான் மொதல்ல சொன்னேன்.”

“ஆமாக்கா.”

“நீ நிறுத்துன. தப்பு போலன்னு நெனச்சேன். மாத்திட்டேன்.” பாதி மடங்கிய விரலை நிமிர்த்தினார். “அப்ப எதுக்கு நிறுத்துன?”

“அவர் பின்னாடி வந்து நின்னுட்டாருக்கா. பயந்துட்டேன். வேற ஒண்ணுமே இல்ல. எனக்குப் பயம் வந்தா கை —”

போன் அடித்தது. “வணக்கம், மருத்துவமனை” என்று தேன் மாதிரிக் குரலில் பேசினார். குழந்தைகள் வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். வைத்தார். பிறகு வந்த குரலே வேறு.

“கெளம்பு.”

“அக்கா —”

“கெளம்புன்னேன்ல. ஒன்ன மட்டும் சொல்லல. எம்மேலயும்தான் ஆத்திரமா வருது. இப்ப போ.”

வெளியே வந்தேன். நான் ஒருத்தி பயந்தால் எனக்குத்தானே நஷ்டம் என்றுதான் இத்தனை வருடமும் இருந்தேன்.

செப்டம்பர் 20

அக்கா கூப்பிடவில்லை. சேவை செய்ததற்கு அக்காவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார் ஆசிரியை. எந்த முகத்தோடு போவேன்? குளத்துக்கே போயிருக்கலாம். பாம்பு என்னை மட்டும்தான் கடித்திருக்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. அண்ணன்தான் பார்த்தான், நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அக்காவின் பதிவெண் இருக்கிறது! இருக்கிறது! கட் ஆஃப் எவ்வளவோ அவ்வளவேதான் அக்காவின் மதிப்பெண். ஒரு கேள்வி குறைந்திருந்தாலும் போயிருக்கும்.

கட்டிலில் விழுந்து அழுதேன். அம்மா பயந்துபோய் யார் போய்ச் சேர்ந்தது என்று கேட்டாள்.

ஆனால் இது முதல் கட்டம்தான். இரண்டாம் கட்டம் நவம்பரில். நல்ல வேளை, அதற்கு வேறு யாராவது கையாக இருப்பார்கள்.

அக்டோபர் 18, சனி

அக்கா போன் செய்தார். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

“சனிக்கிழமை மதியம் இப்பல்லாம் என்ன பண்ற?”

“வேற ஆள் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“பாத்தேன். கெட்டிக்காரப் பொண்ணு. கை நிக்கவே இல்ல. இப்படி ஒருத்திதானே நமக்கு வேணும்னு நெனச்சேன். அப்புறம் அன்னைக்கு நீ படிச்சது ஞாபகம் வந்துச்சு. மூணுன்னு படிச்சிருக்கலாம்ல? எனக்கு எப்படித் தெரியப்போகுது?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“படிக்கணும்னு தோணுச்சா?”

“தோணுச்சுக்கா.”

“தோணியிருக்கும். சரி, நேரத்துக்கு வந்து சேரு.”

மறுத்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, திரும்பவும் நிறுத்திவிடுவேன் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பைத்தியமா நான்?

நவம்பர் 23, ஞாயிறு

இரண்டாம் கட்டத் தேர்வு முடிந்தது. உள்ளே நடந்ததை முடிவு வரும்வரை எழுதமாட்டேன். எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

டிசம்பர் 31

இன்றோடு அக்காவின் வேலை முடிந்தது. மதியத்துக்கு மேல் மருத்துவமனை நம்பருக்குப் போன் செய்தேன். மெஷின் எடுத்து ஒன்றை அழுத்தச் சொன்னது. வைத்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆணை கையில் இருக்கிறது. நான்தான் படித்துக் காட்டினேன். திங்கள்கிழமை சேர வேண்டும். மூன்றாம் முறை படிக்கும்போது “மனப்பாடம் ஆயிடுச்சு, போதும்” என்றார், ஆனால் நான்காம் முறையும் கேட்டார்.

இனி எழுதலாம். அன்றைக்கும் தனி அறைதான். வேறொரு கண்காணிப்பாளர், அதே மாதிரி ஷூ. பாதித் தேர்வில் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். சத்தம் என் பின்னால் வந்து நின்றது. என் பேனாவும் நின்றது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

அக்கா விடையை மாற்றவில்லை. தலையைத் திருப்பி, மருத்துவமனைக்குப் போன் செய்தவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னார்: “சார், கொஞ்சம் முன்னாடி வந்து உக்காருங்களேன். யாராவது பின்னாடி நின்னா இந்தப் பொண்ணு பயப்படுவா. அவ பயந்தா எனக்குக் கொழம்பிப் போகுது.”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவர் “ஓ, சரிம்மா” என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு எனக்கு எதிரே சன்னலோரம் போய் உட்கார்ந்தார். இவ்வளவுதானா? கேட்டால் தள்ளி உட்காருவார்களா? எனக்கு இது பதினேழு வருடமாகத் தெரியாது.

அக்கா முன்பு சொன்ன எண்ணையே திரும்பச் சொன்னார். கறுப்பாக்கிவிட்டு அடுத்ததைப் படித்தேன். ஒலி எதில் மிக வேகமாகச் செல்லும்? ஒன்று காற்று, இரண்டு நீர், மூன்று இரும்பு, நான்கு வெற்றிடம்.

“ஒண்ணு” என்றார் அக்கா, கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

அது தப்பு. வட்டம் நிறையும் வரை ஒரே வேகத்தில் தேய்த்தேன். பிறகு அடுத்த கேள்வியைப் படித்தேன்.