ஆலாவுக்கு வைத்த கூழாங்கல்

கோட்டைப்பட்டினம்
12.6.1958

அன்புள்ள அப்பாவுக்கு,

கொழும்புச் சித்தி சமையலில் தொப்பை வளர்ந்துவிட்டதா? விலாசமும் சித்தி சங்கதியும் கொழும்பு போய் வந்த இன்னாசி மாமா சொன்னது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

மணல்திட்டில் ஓர் ஆண் ஆலாப் பறவை, அடைகாக்கும் பெட்டையை விட்டுவிட்டு வேறு ஜோடி சேர்ந்துகொண்டது. நான் சும்மா இருப்பேனா? விளையாட்டுக்கு முட்டையை எடுத்துவிட்டுக் கூழாங்கல்லை வைத்தேன். மாறி உட்கார ஆளில்லாமல், இரைக்கும் போகாமல், அந்தக் கல்லையே அடைகாத்த பெட்டை நேற்றுச் செத்துக் கிடந்தது. தூக்கினால் கனமே இல்லை.

அம்மாவும் இளைத்துவிட்டாள். கடிதம் என்றால் ஓடி வந்து கேட்கிறாள்.

"அப்பா என்னடி எழுதியிருக்காரு?"

"தைக்கு வாராராம் அம்மா."

இரண்டு வருடமாக உங்கள் பெயரில் கடிதம் எழுதிப் படித்துக்காட்டுவது நான்தான்.

வரமாட்டேன் என்று நீங்களே எழுதுங்கள். அதை மாற்றாமல் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கையெழுத்தைப் போடத் தெரிந்த மகள்