போகாத கரண்ட்

சங்கரன்கோவில்,
29.10.2025

அன்பு மருமகள் வேல்விழிக்கு மாமா குருநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். அங்கே நீயும் சம்பந்தி வீட்டாரும் நலமாயிருக்க கோமதி அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

இதோ இருக்கிற புளியங்குடிக்கு மாமா எதற்குக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பாய். போனை மூன்று தடவை கையில் எடுத்தேன். பேசினால் நடுவில் இருமி, எலுமிச்சை என்ன விலை போகிறது என்று கேட்டு வைத்துவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும்.

இங்கே நல்ல மழை. மஸ்கட்டிலிருந்து மகாராஜன் தினமும் பேசுகிறான். தீபாவளிக்குக்கூட நீ ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கிறான். அப்படியானால் உன் புருஷனிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாயிருக்கிறது. அத்தை இந்த வருஷம் முறுக்கு சுடவில்லை. முழங்கால் வலி என்றாள். முழங்காலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆடித்தபசு முடிந்து அந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வந்தபோது நான் பேசிய பேச்சு கொஞ்சமா? கடல் மீனுக்கென்று நீ தனி உப்பு வரவழைத்தாய். மளிகைக் கடையில் கல்லுப்பு கிடைக்காதா என்றேன். சமையல் உப்பில் அது பிழைக்காது மாமா என்று பொறுமையாகச் சொன்னாய். கேன் தண்ணீரில் உப்பைக் கரைத்து, மீட்டர் வைத்து அளந்து, கல்லும் மணலும் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ஆறு வாரம் மீனே விடாமல் வைத்திருந்தாய். கண்ணுக்குத் தெரியாத கிருமி கொஞ்சம் வளர வேண்டும், மீன் கழிவை அதுதான் தின்னும், தண்ணீர் பக்குவப்படாமல் மீனை விட்டால் செத்துவிடும் என்று விளக்கினாய். நானோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்க மருமக தண்ணி வளக்கா என்று சொல்லிச் சிரித்தேன்.

ஆனி மாதம் ஐந்து மாதக் கருவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த பிறகு, நீ ஆசைப்பட்டுக் கேட்டது அந்தத் தொட்டி ஒன்றைத்தான். அது தெரிந்தும் சிரித்தேன்.

பிறகு மீன் இரண்டு வந்தன. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. உனக்குத் தெரியாது, நீ பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனதும் என் நாற்காலியை டிவிப் பக்கமிருந்து தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வேன். பெரியவன், சின்னவன் என்று பேரும் வைத்திருந்தேன். பெரியவன் என் விரல் போன பக்கமெல்லாம் வருவான்.

அவன் மேல் வெள்ளைப் புள்ளி வந்தது தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் நீ, நாளைக்கு மருந்து வந்துரும், அதுவரை ஒண்ணும் செய்யாதீங்க, மோட்டார் மட்டும் நிக்கக் கூடாது மாமா என்று சொல்லிவிட்டு பனவடலிசத்திரத்துப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறினாய். இனிமேல் எழுதப்போவதை நிதானமாகப் படி.

நான் கோயில் புற்றுமண்ணைத் தொட்டியில் போட்டேன். என் காலில் இருந்த படை அந்த மண்ணைக் குழைத்துப் பூசித்தான் ஆறியது. மனுஷத் தோலுக்கு ஆகிறது மீன் தோலுக்கு ஆகாதா என்று நினைத்தேன். அம்மன்மேல் குறை இல்லை. உன்னைக் கேட்காமல் இரண்டு கை அள்ளிப் போட்டவன் நான். தண்ணீர் டீ போல ஆகிவிட்டது. ஓடுகிற தண்ணீரில் மண் படியவும் இல்லை. சாயங்காலம் நீ வந்து பார்ப்பாயே என்று பயந்து மோட்டாரை நிறுத்தினேன். நிறுத்தியதும், கரண்ட் போனால் ஓட நீ வைத்திருந்த பேட்டரி மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. அதையும் அணைத்தேன். மண் படியட்டும் என்று போய்ப் படுத்தவன் கண் அயர்ந்துவிட்டேன்.

நாலரைக்கு எழுந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்திருந்தது. பெரியவன் மணலில் சாய்ந்து கிடந்தான். சின்னவன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். படிந்த மண்ணை மணலால் மூடி, எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டு, மண் பொட்டலத்தாளைச் சட்டைப் பையில் ஒளித்தேன்.

நீ வந்து, கரண்ட் போச்சா மாமா என்று கேட்டாய். ஆமா மக்கா, மத்தியானம் பூரா இல்ல என்றேன். முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாக இருந்தவன். இப்ப வந்துரும் என்று எத்தனையோ பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். போகாத கரண்டைப் போச்சு என்று சொன்னது அன்றைக்குத்தான். நீ உடனே பேட்டரி மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்து, நேத்து சார்ஜ் போட்டேனா இல்லையா என்று உனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு நின்றாய். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு சண்முகையா அண்ணாச்சியும் நிர்மலாதேவியும் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். அத்தை விஷயத்தைச் சொன்னாள். அண்ணாச்சி, இன்னைக்கு நம்ம தெருவுல கரண்டு எங்க என்று இழுத்தார். அவர் முடித்தால் என் குட்டு உடைந்துவிடும். அவர் வாயை அடைக்கத்தான், இவ கையில எதுவும் நிலைக்காது அண்ணாச்சி என்று சத்தமாகச் சொன்னேன்.

மீனைப் பற்றிச் சொன்னதாக நான் நடிக்கலாம். அத்தனை பேருக்கும் எது காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். நீ செத்த மீனைத் தட்டில் வைத்துவிட்டு உன் கையையே பார்த்தாய். மறுநாள் விடியக்காலை முதல் பஸ்ஸில் போய்விட்டாய். போகும்போதும், வாரேன் மாமா என்றுதான் சொன்னாய்.

நேற்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சண்முகையா அண்ணாச்சி வீட்டுக்கும் போய், இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும்வே, உம்ம மருமகட்டப் போய்ச் சொல்லும் என்றார். மகாராஜனிடம் இன்று ராத்திரி நானே சொல்வேன்.

சின்னவன் பிழைத்துவிட்டான். சனிக்கிழமை வந்த மருந்தை, கூட இருந்த தாளைப் படித்துப் படித்து, அவனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அதில் கலந்து வருகிறோம். பெரிய தொட்டியிலும் தண்ணீர் வற்ற வற்ற, நீ நகப்பூச்சால் போட்ட கோடு வரை நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். வற்றுறது தண்ணிதான், உப்பு அங்கனயேதான் கெடக்கும் மாமா என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

மீனுக்காக நீ வர வேண்டாம். எனக்காகவும் வர வேண்டாம். உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வா, உன் வீடு இது. வராவிட்டாலும் நீ நன்றாயிருக்க வேண்டும். ஆனியில் நடந்ததற்கும் உன் கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டரம்மா அன்றைக்கே சொன்னதை நான் உனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும், தாயி.

இன்னும் ஒன்று. நீ அதையே நினைத்துக்கொண்டிருப்பாய். பேட்டரியில் சார்ஜ் இருந்தது. நீ போட்டுத்தான் வைத்திருந்தாய்.

இப்படிக்கு,
உன் மன்னிப்பைக் கேட்கும் மாமா,
குருநாதன்