மாமா காத்திருந்த மருந்து

தை 9, வெள்ளி.

இன்று காலை மாமா மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார். அம்மாவின் தம்பி. கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. ஈரலில் புற்றுக்கட்டி. நாமக்கல் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொள்ள ஐப்பசியிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். போயிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"போவல கண்ணு. மருந்து ஏத்துனா மரமேறி மொளகு பறிக்க முடியாதுன்னாங்க. நீ காட்டுனியே, அது வரட்டும்னு உட்டுட்டேன்" என்றார்.

போன லீவில் போனில் நான் காட்டிய வீடியோ. நான் ஆராய்ச்சி செய்யும் லேபில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் மருந்து சுமந்து ஓடும் நுண்குமிழிகள். வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அனுப்பினால் நாங்கள் குறித்த இடத்தில் கூடி உடைந்து மருந்தைக் கொட்டும். "கட்டி இருக்கற எடத்துக்கு மட்டும் மருந்து போவுங்க மாமா" என்று பெருமையடித்தேன். ஓர் எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

இன்று சொன்னேன். பல வருஷம் ஆகும், திங்கட்கிழமையே நாமக்கல் போகலாம் என்றேன். அவர் கோபித்திருந்தால் தேவலை. "செரி கண்ணு, போலாம்" என்றார்.

கிளம்பும்போது ஒரு பை மிளகை என் கையில் கொடுத்தார்.

"உங்க லேப்ல இருக்கறவங்களுக்குக் குடு. அது வந்தா மொதல்ல எனக்கு ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்லு."

வாங்கிக்கொண்டேன். சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.