கேள்வி தந்தவர் பெயர்

8.7.2006, சனி

காலையிலிருந்தே காற்று. வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் புழுதி படிந்துவிட்டது. கரண்ட் இரண்டு தரம் போனது.

நாளை ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் வினாடி வினா. மறக்கக் கூடாதவை: மணி, பரிசு டம்ளர்கள், மைக்செட்காரருக்கு ஞாபகப்படுத்துவது, பி.பி. மாத்திரை.

மூன்று கேள்வி குறைந்தது. ஜீவா தந்தாள். என் பழைய மாணவி. இப்போது பெரம்பலூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அடுத்த தெருவில் டெய்லர் ராணியோடு ஒரே வீட்டில், பல வருடமாக. ஊர் 'ஃப்ரெண்ட்ஸ்' என்கிறது. நானும் அப்படியே சொல்லிக்கொண்டு வருகிறேன். கேட்டதில்லை.

கேள்விகள்:
கூவாகம் அரவாணிகள் திருவிழா எந்த மாதம்? சித்திரை.
ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ள முதலில் சட்டம் செய்த நாடு? நெதர்லாந்து.
அப்படிப்பட்டவர்கள் ஊர்வலத்தில் பிடிக்கும் வானவில் கொடியில் இப்போது ஆறு நிறம். முதன்முதலில் தைத்தபோது எத்தனை? எட்டு.

எட்டு ஏன் ஆறானது என்றேன். ரோஸ் துணி போதுமான அளவு கிடைக்கவில்லையாம், அது போயிற்று. மீதி ஏழு நிறத்தைத் தெருவின் இரண்டு பக்கமும் சரிபாதியாகக் கட்ட முடியவில்லை என்று இன்னொன்றும் போயிற்று. கூட வந்திருந்த ராணி உடனே, "நம்ம கடைவீதிக்கு ஒரு நடை வந்திருந்தா பீஸ் பீஸா கிழிச்சுக் குடுத்திருப்பாங்களே!" மூவரும் சிரித்தோம்.

போகும்போது ஜீவா வாசலில் நின்று, "நெஜமாவே போடுவீங்களா டீச்சர்?"

ஏன் போடாமல்? பொது அறிவுதானே என்றேன்.

9.7.2006, ஞாயிறு

நல்ல கூட்டம். டம்ளர் போதவில்லை.

எங்கள் போட்டியில் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் தந்தவர் பெயரை மைக்கில் படிப்பது வழக்கம். நான் ஏற்படுத்தியதுதான். பெயரைக் கேட்கவே பாதிப்பேர் கேள்வி அனுப்புகிறார்கள். மருந்துக்கடைக்காரர் அதற்கென்றே சம்சாரத்தைக் கூட்டி வருவார்.

கூவாகத்துக்கு ஏகப்பட்ட கை. கோயில் சங்கதி, யாருக்கும் கூச்சமில்லை. நெதர்லாந்துக்கு ஒருவர் "அமெரிக்கா!" என்று கத்தினார். "அவன்தான் எல்லாத்துலயும் மொதல்ல நிப்பான்." சிரிப்பு. மூன்றாவதுக்கு ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் ஒரு குரல்: "இதெல்லாம் ஒரு கேள்வியா? யாரு குடுத்தது?"

படித்தேன். மூன்றும் தந்தவர், ஜீவா டீச்சர்.

"அதானே பாத்தேன்."

மறுபடி சிரிப்பு. இது முன்னதைப் போல இல்லை. ஜீவா மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்தாள். ராணி எழுந்து வெளியே போனாள்.

ஒரு வார்த்தை ஜீவாவிடம் கேட்டிருக்கலாம், பெயரைப் படிக்கட்டுமா என்று. மற்றவர்களிடம் கேட்பதில்லை, அவளிடமும் கேட்கத் தோன்றவில்லை. எல்லாருக்கும் ஒரே முறை என்பதில் எனக்கு ஒரு பெருமை. கண் தெரியாத பிள்ளையிடமும் கரும்பலகையைப் பார்த்து எழுது என்பது போல.

11.7.2006, செவ்வாய்

காய்கறிக் கடையில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். காதில் விழுந்த மட்டும்: "...ரெண்டு பொம்பளைங்க, ஒரே கட்டில்னு வேலைக்காரி சொல்றா..." "...நம்ம புள்ளைக்கு இவதான் கணக்கு எடுக்கறா..."

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

மாலை ராணி வந்தாள், தனியாக. பள்ளி கரஸ்பாண்டன்ட் ஜீவாவைக் கூப்பிட்டு, "பேரன்ட்ஸ் கேக்கறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் குடுங்க" என்றாராம். என்ன விளக்கம் கொடுப்பது? "வேல போயிடுமா டீச்சர்?" ராணி அழவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

13.7.2006, வியாழன்

பள்ளிக்குப் போனேன். கரஸ்பாண்டன்ட் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவர் பெண்ணும் என்னிடம் படித்தவள்.

சொன்னேன்: கேள்வி மூன்றும் என்னுடையவை. அவள் பட்டியலோடு கலந்துவிட்டது. பெயரைத் தவறிப் படித்தேன்.

முகம் தெளிந்துவிட்டது அவருக்கு. "நீங்கன்னா சரி டீச்சர். வயசானவங்க, பேப்பர்ல எதையாச்சும் பாத்து எடுத்திருப்பீங்க. பேரன்ட்ஸ்ட்ட நான் சொல்லிக்கறேன்." காபி வந்தது. வேலைக்கு ஆபத்தில்லை.

ஒரு பொய்யால் ஒரு வேலை நிலைத்தது என்று திருப்தியோடு நடந்து வந்தேன். ஆறு மணிக்கு ஜீவா வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க கேள்வின்னு சொன்னீங்களாமே."

"உனக்காகத்தாம்மா."

"தெரியுது டீச்சர். வேலை வேணும், அதனால நானும் ஆமான்னுட்டு வந்துட்டேன். ஆனா நன்றி சொல்ல வரல." மூச்சு வாங்கினாள். "என் பேரோட அதை மைக்ல கேட்டப்ப பயமாத்தான் இருந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு. அதையும் இல்லன்னு பண்ணிட்டீங்க."

போய்விட்டாள்.

வகுப்பில் ஒரு பிள்ளை செய்த கணக்கை இன்னொருவர் செய்ததாகச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? எத்தனை தரம் மற்ற டீச்சர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

15.7.2006, சனி

காற்று குறையவில்லை. முருங்கைக் கிளை ஒன்று முறிந்தது.

வேலை தப்பியது, வீடு தப்பவில்லை. அவர்களுடைய வீட்டுக்காரம்மா வாசலில் நின்று தெருவே கேட்கச் சொன்னாராம்: "ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி காலி பண்ணிடுங்க. எம் பொண்ணுக்கு வரன் பாக்கறேன்." ஆடி பிறக்க இரண்டு நாள். பிறந்துவிட்டால் இந்த ஊரில் எவரும் புதுக்குடி வைக்க மாட்டார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வேதத்தில் ஆடிக் கணக்கு இல்லை. என் மாடி சும்மாதான் கிடக்கிறது. நானே போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாடிக்கு வந்துடுங்க" என்றேன்.

ராணி ஜீவாவைப் பார்த்தாள். ஜீவா கயிற்றை முடிந்துகொண்டே, "யாருன்னு சொல்லிக் குடி வைப்பீங்க டீச்சர்? அக்கா தங்கச்சின்னா? சொந்தக்காரப் புள்ளைங்கன்னா?"

"யாரும் கேட்கமாட்டாங்க."

"கேப்பாங்க."

"ஏய், விடுடி" என்றாள் ராணி. "வூடு குடுக்கறவங்ககிட்ட பரீட்சை வைக்காத."

ஜீவா சிரிக்கவில்லை. வருகிறோம் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு: ஒட்டடை அடிக்க ஆள். மாடிக் குழாய் ஒழுகல். சாவி இரண்டு போட வேண்டும்.

18.7.2006, செவ்வாய்

குழாய்க்காரர் நேற்று வரவில்லை. இன்றும் இல்லை.

பத்து மணிக்குக் குட்டியானை வண்டியில் சாமான் வந்தது. தையல் மெஷினைப் படியில் ஏற்ற நான்கு பேர். ராணி கீழிருந்து, "மெதுவாண்ணே, அதான் எங்களுக்குச் சோறு போடுது." ஜீவா பள்ளிக்கு லீவு போடவில்லை. மத்தியானம் வருவாள்.

எதிர்வீட்டு கோமதி முறத்தோடு வந்து நின்றாள். நல்லவள். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருபவள்.

"என்ன டீச்சரம்மா, ஆடியில குடி வைக்கிறீங்க?"

"எங்களுக்கு ஆடி ஏது?"

"அதுஞ் சரிதான். யாரு, அந்த ஜீவாவும் டெய்லரும்தானே?" குரலைத் தாழ்த்தினாள். "ஒங்களுக்கு எதும் ஒறவா? அக்கா தங்கச்சிங்களா?"

படியில் ராணி நின்றுவிட்டாள். கையில் மெஷின் மூடி.

"இல்ல" என்றேன்.

"பின்ன?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கோமதி போயிருப்பாள். முப்பத்தாறு வருடம் பிள்ளைகள் முன்னால் பேசிய வாய்.

"ரெண்டு பேரும் சேந்து குடும்பம் நடத்துறாங்க, கோமதி."

முறத்தில் இருந்ததை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ராணி மேலே ஏறிப் போனாள். சற்றைக்கெல்லாம் மாடியில் சாமான் நகர்த்தும் சத்தம்.