ரப்பர் கார்க்

11.6.2012, திங்கள்

காலையிலேயே வெயில். ஒரகடம் கூட்டுரோட்டில் பேருந்துக்கு நாற்பது நிமிடம். குடை மறந்தேன்.

ஆலையில் இன்றும் அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. எண்ணெய் ஹைட்ரஜனைக் குடித்தால் கலனின் அழுத்தம் குறைய வேண்டும். எட்டு மணி நேரம், ஐந்திலேயே நின்றது. மாதிரியில் புரோமின் விட்டேன். செந்நிறம் உடனே மறைந்தது. இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்கிறது; ஹைட்ரஜன் சேரவில்லை. தொடர்ந்து மூன்றாவது பேட்ச் வீண்.

மேனேஜர் வந்து ஆபரேட்டர் எத்திராஜைப் பிடித்துக்கொண்டார்.

"கலக்குற ஸ்டிரரைப் போட்டியா, போன்ல பேசிக்கிட்டு இருந்தியா?"

"காதை வெச்சுக் கேளு சார், ஓடிகினுதான் கீது."

"அப்புறம் ஏன் கேஸை எடுக்கல?"

"அத்த எண்ணெயாண்டதான் கேக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரித்திருக்கக் கூடாது.

12.6, செவ்வாய்

மேகம். மழை இல்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

வாயுக் கசிவு: சோப்பு நுரை தடவினேன், இல்லை.
வெப்பநிலை: சரி.
வினையூக்கி, பலேடியம் ஏற்றிய கரி: புதிய டப்பா, சரி.
கரைப்பான், எத்தில் அசிடேட்: அதே டிரம்.

அதே டிரம். போன மாதம் அதன் மூடி உடைந்தது. ரப்பர் கார்க் வைத்து அடைக்கச் சொன்னது நான். "ரப்பர் தாங்குமா சார்?" என்று எத்திராஜ் கேட்டார். தாங்கும் என்றேன்.

மாலையில் பிடுங்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஊறி உப்பி, விரல் பட்டால் பிசுபிசுப்பு. ரப்பரில் கந்தகம்; அது கரைப்பானில் இறங்கியிருக்கிறது. கந்தகம் பலேடியத்துக்கு நஞ்சு. கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் நான் எழுதிய வரி.

கார்க்கைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

13.6, புதன்

எத்திராஜை டிரம் கழுவப் போட்டுவிட்டார்கள். நாளை கலனில் கோவில்பட்டிக்காரர் செல்வம். "வேற ஆளு ஓட்டட்டும், பாத்துடலாம்" என்றார் மேனேஜர்.

அவர் அறை வாசலில் இரண்டு முறை நின்றேன். முதல் முறை போனில் இருந்தார். இரண்டாம் முறை போனில் இல்லை; ஆனாலும் நான் உள்ளே போகவில்லை.

பழைய டிரம்மை ஒதுக்கிவிட்டுப் புதியதை வைத்தேன். முதலில் பேட்ச் சரியாகட்டும், ஆதாரத்தோடு சொல்லலாம். இது நிதானமா, பயமா?

14.6, வியாழன்

நான்கு மணி நேரத்தில் முள் இறங்கிவிட்டது. புரோமின் நிறம் அப்படியே நின்றது. டிரம்தான் காரணம், ஆள் அல்ல.

செல்வம்: "நான் ஒண்ணும் பண்ணல சார். சும்மாதான் நின்னேன், அதுவா எறங்கிட்டு."

மேனேஜர்: "பாத்தீங்களா சார், ஆளு மாறினா பேட்ச் மாறுது. கையெழுத்துப் போடுங்க."

"டிரம்..." என்றேன்.

"டிரம் தீந்துடுச்சா?"

"ஆமாம்." கையெழுத்துப் போட்டேன்.

15.6, வெள்ளி

தூறல். நாளை முதல் வர வேண்டாம் என்று எத்திராஜிடம் சொல்லிவிட்டார்கள். ஆலைக்குப் பிள்ளைப்பாக்கத்து நிலத்தைக் கொடுத்துப் பதிலுக்கு வாங்கிய வேலை.

கேட்டருகே நின்றிருந்தார்.

"நீ படிச்சவரு சார். வேலை போனா போவுது. நான் இன்னா தப்பு பண்ணேன், அத்த மட்டும் சொல்லு."

கார்க் பையில்தான் இருந்தது, டிபன் பாக்ஸுக்கு அடியில்.

"தெரியலை எத்திராஜ்."

"உனக்கே தெரியலன்னா வுடு சார். என் கை ராசி அப்டி."

பேருந்து வரும்வரை என் தலைக்கு மேல் அவர் குடை.

25.6, திங்கள்

எட்டு நாள் காய்ச்சல், விடுப்பு. படுத்தபடியே மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். ஒன்பது வரி. மூன்று முறை படி எடுத்தேன். கையெழுத்து பாக்கி.

இன்று உள்ளே போனதும் முள்ளைப் பார்த்தேன். ஐந்தில் நிற்கிறது. சனிக்கிழமையிலிருந்தே இப்படித்தானாம்.

புதிய டிரம்மில் கறுப்பாக ஒரு ரப்பர் கார்க்.

"யார் வைத்தது?" செல்வத்திடம் கேட்டேன்.

"நாந்தான் சார். மூடியைக் காணல. நீங்கதான போன மாசம் ரப்பர் வைக்கச் சொன்னீங்க?"

பேசிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். என்னை அல்ல, செல்வத்தை. கதவு சாத்தியிருக்கிறது. கண்ணாடி வழியாகச் செல்வம் தலை குனிந்து நிற்பது தெரிகிறது.

பையில் இப்போது இரண்டு கார்க்.