வந்த ஈயும் வந்த இன்ஸ்பெக்டரும்

1936, ஆனி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

தூக்கம் வரவில்லை. படுத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

காலையில் எங்கள் காபி கிளப்புக்குச் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். மாம்பழக் காலம், ஊரெல்லாம் ஈ. எதிர்க்கடையை அவர் போன வாரம் பூட்டச் சொன்னதும் ஈக்காகத்தான். அந்தப் பயத்தில் தினமும் விடியுமுன்பே பெஞ்சுகளைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன். பலகாரத் தட்டுக்கெல்லாம் துணி மூடுகிறேன். அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இங்கே ஈ வருமா?" என்று கேட்டார்.

வரவே வராது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தோசைக்கல் முன்னால் நின்றிருந்த என் மனைவி பொன்னம்மாள் முந்திக்கொண்டாள். அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் பொய் வராது.

"வருமுங்க."

நான் பலகாரத் தட்டின் துணியை இன்னும் இழுத்து மூடினேன். அவளோ தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "வர்றவங்களையெல்லாம் உக்காருங்கன்னு சொல்லுவோமுங்க. ஈக்கு மட்டும் சொல்றதில்லீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி நழுவிவிட்டது.

"அப்ப நான் உக்காரலாமுங்களா, அம்மணி?"

"உக்காருங்க, உக்காருங்க!"

இரண்டு தோசை சாப்பிட்டார். "கடையை நடத்துங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இதை எழுதும்போதே எங்கிருந்தோ ஓர் ஈ வந்து இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பொன்னம்மாள் நன்றாகத் தூங்குகிறாள். இன்றைக்கு ஒருநாள் உட்காருங்க.